‘சேரம்பாடி அருகே’ என்றால் எங்கே?

2020 டிசம்பரில் பந்தலூர் வட்டாரத்தில் ஒரு காட்டு யானை சில நாள் இடைவெளியில் மூன்று பேரைக் கொன்றது. அதில் இருவர் கொளப்பள்ளியைச் சேர்ந்த தந்தையும் மகனும். கும்கிகள் வந்து இறங்கின. மயக்க ஊசியோடு கால்நடை மருத்துவர்கள் வந்தார்கள். நாளிதழ்களின் நீலகிரிப் பக்கத்தில் ‘சேரம்பாடி அருகே’ என்று தொடங்கும் செய்தி நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பிறகு அது சட்டென்று நின்றுபோனது. யானை பிடிபடவில்லை, இறந்துபோகவும் இல்லை. சரிவில் இறங்கிக் கேரளத்தின் நிலம்பூர்க் காட்டுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். 2021 பிப்ரவரியில் யானை இந்தப் பக்கம் ஏறி வந்தபோது செய்தியும் கூடவே ஏறி வந்தது. அந்த மாதமே சேரம்பாடி வனச்சரகத்தில் அதைப் பிடித்து முதுமலைக்குக் கொண்டுபோனார்கள். சங்கர் என்று பெயர் பெற்று, பின்னால் அதுவும் ஒரு கும்கியாகப் பழக்கப்பட்டது.

இடைப்பட்ட வாரங்களில் அந்த யானை எங்கோ ஒரு ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருந்தது. நம் வாசகருக்கு மட்டும் அது இல்லாமல் போயிருந்தது. செய்தியில் புவியியலைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். செய்தி ஒரு நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் முகவரி நிர்வாக முகவரி: மாநிலம், மாவட்டம், தாலுகா, காவல் நிலையம். அதே நிகழ்ச்சிக்கு நிலத்தின் முகவரி ஒன்று தனியே இருக்கிறது: எந்தச் சரிவு, எந்த உயரம், எந்த ஓடை எந்த ஆற்றில் போய்ச் சேருகிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது. முதல் முகவரியை நிருபர் எழுதிவிடுகிறார். இரண்டாவதைப் படிப்பவர்தான் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. போட்டுக்கொண்டால், தனித்தனிப் பக்கங்களில், தனித்தனி ஆண்டுகளில் கிடந்த செய்திகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன.

சேரம்பாடியிலிருந்தே தொடங்குவோம். ‘நீலகிரி’ என்றதும் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் வாசகரின் கண்ணில் ஊட்டி வந்து நிற்கும். 2,240 மீட்டர் உயரம், குளிர், கேரட் தோட்டம், மலர்க் கண்காட்சி. ஊட்டியிலிருந்து கூடலூருக்கு 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்க வேண்டும். இறங்கி முடித்தால் ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் வேறொரு நிலம் விரிகிறது. அங்கிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர், அப்புறம்தான் சேரம்பாடி. அதைத் தாண்டினால் எருமாடு, அய்யன்கொல்லி என்ற ஊர்கள், பிறகு தாளூர், சோலாடி என்று கேரள எல்லைச் சோதனைச்சாவடிகள். நீலகிரி என்ற உயர்ந்த பாறைத் திட்டின் மேல் இந்த ஊர்கள் இல்லை. அந்தத் திட்டின் மேற்குக் காலடியில் கிடக்கும் வயநாட்டுப் பீடபூமியின் தென்கிழக்கு ஓரம் இது. மண்ணும் மழையும் காடும் வயநாட்டோடு சேர்ந்தவை.

அப்படியானால் இது எப்படி நீலகிரி மாவட்டம் ஆனது? 1877 வரை ஆகவில்லை. மலபார் மாவட்டத்தின் வயநாட்டிலிருந்த நம்பாலக்கோடு, சேரங்கோடு, முன்னனாடு என்ற மூன்று அம்சங்களை (வருவாய்ப் பிரிவுகளை) அந்த ஆண்டில்தான் சென்னை அரசாங்கம் நீலகிரியோடு இணைத்தது. சேரம்பாடி இன்றும் சேரங்கோடு ஊராட்சியில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் இது ஒரே மாகாணத்துக்குள் நடந்த கணக்கு மாற்றம். காபித் தோட்டக்காரர்களும், 1880 வாக்கில் தேவாலா பந்தலூர்ப் பக்கம் தங்கம் தோண்ட வந்து கையைச் சுட்டுக்கொண்டு போன கம்பெனிகளும் இனி எந்த ஊர்க் கச்சேரிக்குப் போவது என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் 1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது மலபார் கேரளத்துக்குப் போனது, நீலகிரி நம்மிடம் நின்றது. 79 ஆண்டு முன்னால் போட்ட ஒரு மாவட்டக் கோடு அன்று மாநில எல்லையாகிவிட்டது. சேரம்பாடியின் செய்தி தமிழ்ப் பத்திரிகையில் வருவதற்கும், அங்கிருந்து பார்த்தால் தெரியும் மலைகளின் செய்தி மலையாளப் பத்திரிகையில் வருவதற்கும் காரணம் அந்தக் கோடுதான்.

நிலத்தின் பழைய கணக்கு எங்கெல்லாம் போய் எட்டுகிறது என்பதற்கு இங்கேயே ஒரு சான்று உண்டு. 2007 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு சேர்க்கப்பட்ட சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தது. டெல்லிச் செய்தியாக, இட ஒதுக்கீட்டை ஒட்டிய அரசியலாக நாடு முழுவதும் அதைப் பேசினார்கள். அந்த வழக்கின் வேர் கூடலூரில் இருக்கிறது. நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம (பரம்பரை உடைமை) நிலங்களை ஒழிக்கத் தமிழ்நாடு 1969ல் கொண்டுவந்த கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம்தான் அங்கே கேள்விக்குள்ளானது. இன்றும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் அந்தச் சட்டத்தின் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பட்டாவும் மின் இணைப்பும் கேட்டு நடக்கும் ஆர்ப்பாட்டச் செய்திகள் மூன்று வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த மூன்று வரிக்குப் பின்னால், மலைக்குக் கீழே நிலம்பூரில் இருந்த ஒரு கோவிலகம் மலைமேல் காட்டுக்கு உடைமையாளராக இருந்த புவியியல் இருக்கிறது.

சரி, மழைக்கு வருவோம். இந்த ஊர்ப்பெயர்கள் வெளியூர் வாசகருக்கு அதிகம் அறிமுகமாவது மழைப் பட்டியலில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானிலை மையத்தின் அறிக்கையில் தேவாலா, பந்தலூர், சேரங்கோடு, அவலாஞ்சி, சின்னக்கல்லாறு என்று வரும். ‘அதிகபட்சமாக 10 செ.மீ.’ என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்த 10 சென்டிமீட்டரை ஒரு நிமிடம் தேயிலைக் காட்டில் நிறுத்திப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 400 கன மீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது நான்கு லட்சம் லிட்டர். ஒரே நாளில், ஒரே ஏக்கரில், சரிவான இடத்தில். அதில் ஒரு பங்கு ஓடையில் ஓடும், ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். அடுத்த நாளும் அதே அளவு பெய்தால் மண்ணில் இடம் இருக்காது.

அந்த எண்ணோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, அது முந்தைய நாள் காலை 8.30லிருந்து அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தின் கணக்கு. ராத்திரி இரண்டு மணி நேரத்தில் கொட்டியதா, நாள் முழுக்கச் சிணுங்கியதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மண் சரிவதற்கு அந்த வேறுபாடுதான் முக்கியம். இரண்டாவது, மழைமானி ஒரு புள்ளியை மட்டும் அளக்கிறது. சமவெளியில் அந்தப் புள்ளி சுற்றுவட்டாரத்துக்குப் பிரதிநிதியாக நிற்கும். மலையில் அடுத்த மேட்டுக்குப் பின்னால் வேறு மழை.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குச் சரிவில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்கிறது, குளிர்ந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் கொட்டிவிடுகிறது. அதனால் தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்று சொல்கிறார்கள். ஊட்டியில் ஆண்டுக்குச் சுமார் 120 செ.மீ. பெய்கிறது என்றால் தேவாலாவில் அதைப்போல் மூன்று மடங்கு. கொட்டித் தீர்த்த காற்று கிழக்கே மசினகுடிக்குப் போகும்போது வறண்டு போகிறது. அங்கே முள்மரக்காடு. நீலகிரியின் கிழக்கு முகமான குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழைக்கு நனைகின்றன. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நிலச்சரிவுகள் குன்னூர், கேத்திப் பக்கத்தில் நடந்தவை. ஆகவே ‘நீலகிரியில் கனமழை’ என்ற தலைப்பைப் படித்தால் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். ஜூலை என்றால் மேற்கு, நவம்பர் என்றால் கிழக்கு.

வானிலை எச்சரிக்கையின் நிறமோ மாவட்டம் முழுவதற்கும் ஒன்றுதான். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்றால் சிவப்பு. அந்தச் சிவப்பு தேவாலாவுக்கும் மசினகுடிக்கும் சேர்த்தே விழுகிறது. இந்த இடத்தில் பள்ளி விடுமுறை அறிவிப்பு அதைவிடக் கூர்மையான வரைபடம் என்பேன். ‘கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் மட்டும் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை’ என்று ஆட்சியர் அறிவிக்கும்போது, ஆறு தாலுகாக்களில் எந்தப் பக்கம் மழை விழுகிறது என்பது அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. ஒரு பருவம் முழுவதும் அந்த அறிவிப்புகளை வெட்டி ஒட்டிவைத்தால் பருவக்காற்று நீலகிரியைச் சுற்றிவரும் பாதை கண்முன்னால் தெரியும்.

இனி எல்லையை அழித்துவிட்டுப் படிக்க வேண்டிய ஒரு நாளுக்கு வருகிறேன். 2019 ஆகஸ்ட் 8. தமிழ்ப் பத்திரிகைகளில் பெரிய செய்தி, அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கும் மேல் மழை. தமிழ்நாட்டில் யாரும் கண்டிராத அளவு. மலையாளப் பத்திரிகைகளின் வயநாட்டுச் செய்தி, மேப்பாடி அருகே புத்துமலையில் நிலச்சரிவு, 17 பேர் பலி. மலப்புறச் செய்தி, நிலம்பூர் அருகே கவளப்பாறையில் மலை இடிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலி. மூன்று தலைப்பு, மூன்று மாவட்டம், இரண்டு மொழி. வரைபடத்தில் மூன்றையும் குறித்தால் அவை ஒரே மலைத்தொடரின் மேற்கு விளிம்பில் அமைகின்றன. பெய்ததும் ஒரே பருவக்காற்றின் ஒரே மழை. நாம் சாதனையைப் படித்தோம், அவர்கள் சாவைப் படித்தார்கள்.

அந்தப் புத்துமலைக்குச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் முண்டக்கையும் சூரல்மலையும். 2024 ஜூலை 30 அதிகாலை வெள்ளரிமலைச் சரிவில் 1,550 மீட்டர் உயரத்தில் மண் கழன்றது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படத்தில் அளந்தபோது கழன்ற பரப்பு 86 ஆயிரம் சதுர மீட்டர், அதாவது 21 ஏக்கர். 21 ஏக்கர் மண் எப்படி மூன்று ஊர்களைத் துடைத்தெறிய முடியும் என்ற கேள்விக்கு விடை அதன் பாதையில் இருக்கிறது. கழன்ற மண் ஓடைக்குள் விழுந்து, பாறையையும் மரத்தையும் வாரிக்கொண்டு, எட்டு கிலோமீட்டர் ஓடியது. புத்துமலையில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. ஓர் ஏக்கருக்கு 23 லட்சம் லிட்டர். அவ்வளவு தண்ணீர் இறங்கும்போது மண்துகள்களுக்கு நடுவிலிருந்த காற்றெல்லாம் வெளியேறி நீர் நிறைகிறது. நிறைந்த நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. துகள்களுக்கிடையே இருந்த உராய்வுதான் சரிவைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அது குறைந்ததும் பாறைமேல் உட்கார்ந்திருந்த மண் மொத்தமாக நகர்ந்துவிடுகிறது.

இறந்தவர்களின் உடல்கள் மலப்புறம் மாவட்டத்தின் போத்துகல்லில் சாலியாற்றில் கிடைத்தன. வயநாட்டுச் சாவுக்கு மலப்புறத்தில் ஏன் உடல் என்று அன்று தொலைக்காட்சி பார்த்த பலர் திகைத்தார்கள். சூரல்மலை வழியாக இறங்கும் ஆறு பீடபூமியின் விளிம்பில் அருவியாகக் குதித்து நிலம்பூருக்குத்தான் போகிறது. மாவட்ட வரைபடத்தில் அந்த வழி தெரியாது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது அரைக் கிலோமீட்டர், சம உயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். கோடுகள் நெருங்கி நெருங்கி ஒரே பழுப்பாகத் தெரிந்தால் செங்குத்து. கோடுகள் மேல்நோக்கிக் கூம்பி வளைந்தால் அங்கே ஓடை. அந்தக் கூம்புகளை ஒரு நீலப் பென்சிலால் இணைத்துக்கொண்டே கீழே வந்தால் போத்துகல்லுக்கு விரல் தானாக வந்து நிற்கும்.

சேரம்பாடியிலிருந்து ஊட்டி நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். சூரல்மலை அதில் பாதித் தூரம்தான். வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1970ல் ஒரு கருத்தைச் சொன்னார்: உலகில் எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையவைதான், என்றாலும் அருகில் இருப்பவற்றுக்கிடையே தொடர்பு அதிகம். புவியியலின் முதல் விதி என்று அதைச் சொல்வார்கள். சேரம்பாடிக்கு அருகில் இருப்பது எது என்ற கேள்வியை வைத்துக்கொண்டால் அந்த விதியின் உள்ளர்த்தம் புரியும். ஆட்சியர் அலுவலகம் ஊட்டியில் இருக்கிறது. மழையும் யானையும் சரியும் மண்ணும் மேப்பாடிப் பக்கத்திலிருந்து வருகின்றன. அந்த ஜூலை இரவில் இறந்தவர்களில் நீலகிரி மாவட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்களும் இருந்தார்கள்.

இன்னும் பெரிய தாளை விரிக்க வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டம் ராஜமலையில் பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். 2014 அக்டோபர் 29 காலை இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை. அங்கும் மலையகத் தமிழரின் லயங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்தபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகள் அதில் பெரும்பங்கு. பெட்டிமுடியைக் கேரளச் செய்தியாகவும் மீரியபெத்தையை உலகச் செய்தியாகவும் டிட்வாவை வானிலைச் செய்தியாகவும் தனித்தனிப் பக்கங்களில் படித்தோம். முண்டக்கையிலும் தோட்டத்துப் ‘பாடி’கள் அடித்துப் போகப்பட்டன. லைன், லயம், பாடி என்று ஊருக்கு ஒரு பெயர், வீடு ஒரே வீடுதான்.

இவற்றை ஒரே தாளில் வைத்தால் மழையைத் தவிர இன்னொரு பொதுத்தன்மை தெரிகிறது. வெள்ளைக்காரத் துரை தோட்டம் போட்டபோது நல்ல சரிவைத் தேயிலைக்குக் கொடுத்தான். காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் பங்களாவைக் கட்டிக்கொண்டான். ஆட்களின் லைன்களைத் தண்ணீர் கிடைக்கும் பள்ளத்தில், ஓடைக்கரையை ஒட்டி வைத்தான். நூற்றைம்பது ஆண்டு கழித்து மண் சரியும்போது அது ஓடை வழியே வருகிறது. யார் சாகிறார்கள் என்பது அன்றைக்கே போட்ட கட்டட வரைபடத்தில் பாதி எழுதப்பட்டிருந்தது. ‘இயற்கைச் சீற்றம்’ என்ற தலைப்பை இந்தச் செய்திகளுக்கு இனியும் போடக்கூடாது என்பது என் கருத்து.

சேரம்பாடிக்கு இது அயல் கதை அல்ல. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது இலங்கை மலையகத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வனத்துறை 1968ல் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. ஊரில் எல்லோருக்கும் அது ‘டேன்டீ’. சேரம்பாடி அதன் முக்கியமான கோட்டங்களில் ஒன்று. பதுளையில் மண் சரிந்தால் சேரம்பாடி லைன் வீடுகளில் சிலருக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் செய்தி. செய்தித்தாளின் ‘உலகம்’ பக்கத்துக்கும் ‘நீலகிரி’ப் பக்கத்துக்கும் நடுவே உள்ள தூரம் அவர்களுக்குக் கிடையாது. 2022ல் டேன்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோதும், எந்தக் கோட்டத்தில் எந்தக் காடு என்ற வரைபடம் பக்கத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். எண் மட்டும் வந்தது.

செய்தியிலிருந்து இடப்பெயர்களைப் பொறுக்கி வரைபடத்தில் வைக்கும் வேலையை இப்போது கணினிகளும் செய்கின்றன. 2013ல் வெளியான ஜிடெல்ட் என்ற திட்டம் உலகெங்கும் வரும் செய்திகளை இப்படி இடம் குறித்துச் சேமிக்கிறது. முதலில் இது இடப்பெயரா என்று பார்க்க வேண்டும், பிறகு எந்த இடம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழில் இரண்டுமே கடினம். சேரம்பாடியில், சேரம்பாடிக்கு, சேரம்பாடியிலிருந்து என்று பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்வதால், வெறும் பட்டியலை வைத்துத் தேடும் இயந்திரம் தவறவிடும். பிள்ளைக்குச் சோறு ஊட்டிய செய்தியைக் கொண்டுபோய் மலைமேல் வைத்துவிடவும் கூடும். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. ‘கூடலூரில் யானை’ என்று ஒரு தலைப்பு இருந்தால் எந்தக் கூடலூர்? நீலகிரியிலும் கேரள எல்லையில் ஒரு கூடலூர், தேனி மாவட்டத்திலும் கேரள எல்லையில் ஒரு கூடலூர். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை தேனி மாவட்டக் கம்பத்துக்குள் புகுந்தது. அதே ஆண்டு ஜனவரியில் வேறொரு யானை நீலகிரிப் பக்கத்திலிருந்து சுல்தான் பத்தேரிக்குள் போயிருந்தது. சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். கம்பம், சுருளிப்பட்டி வந்தால் தேனி. ஓவேலி, நாடுகாணி வந்தால் நீலகிரி. பக்கத்து ஊர்களின் பெயர் தெரிந்த வாசகர் இதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடுவார்.

சுல்தான் பத்தேரிக்குள் போன அந்த யானையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பந்தலூர் மக்னா (தந்தமில்லாத ஆண் யானை) என்பதால் பி.எம்.2 என்று வனத்துறை பெயர் வைத்தது. 2022 டிசம்பரில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் கட்டி, முதுமலைக் காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது மாநில எல்லை தாண்டி சுல்தான் பத்தேரி நகரத் தெருவுக்குள் நடந்தது. கேரள வனத்துறை அதைப் பிடித்து முத்தங்காவில் அடைத்தது. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு என்று நாம் நான்கு பெயர் வைத்திருப்பது ஒரே காடு. உலகிலேயே ஆசிய யானைகள் அதிகம் வாழும் நிலப்பரப்பின் நடுப்பகுதி அது. ஒரு யானைக் கூட்டம் சில நூறு சதுர கிலோமீட்டரில் சுற்றி வாழ்கிறது. 2024 டிசம்பரில் சேரம்பாடிச் சுற்றுவட்டாரத்தில் அரிசிக்காக வீடுகளை உடைத்துவந்த ‘புல்லட்’ என்ற யானையைப் பிடித்து ஆனைமலைக்குக் கொண்டுபோனபோது ‘மக்கள் நிம்மதி’ என்று தலைப்பு வந்தது. உண்மையான நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த யானை நடந்த வழி, இரவு நேரம், உடைத்த வீடுகளின் வரிசை எல்லாம் ஒரு தாளில் குறிக்கப்படாமலே அந்தச் செய்தி முடிந்துபோனது. அடுத்த யானையும் அந்த வழியாகத்தான் வரும்.

‘அருகே’ என்ற சொல் இங்கேதான் உயிர்ப் பிரச்சினையாகிறது. செய்தியின் தொடக்கத்தில் தடித்த எழுத்தில் ‘பந்தலூர்’ என்று இருந்தால் அது நிருபர் இருக்கும் ஊர். ‘சேரம்பாடி அருகே’ என்றால் அது சப்பந்தோடாகவும் இருக்கலாம், அய்யன்கொல்லியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே வேறு வேறு ஓடைகள், வேறு வேறு யானைத் தடங்கள். கோயம்புத்தூரில் படிப்பவருக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு அது மட்டும்தான் தேவை. யோஹான் கல்துங்கும் மாரி ரூகேயும் 1965ல் நார்வே நாளிதழ்களை வைத்து, எந்த வெளிநாட்டு நிகழ்ச்சி செய்தியாகிறது என்று ஆராய்ந்தார்கள். பண்பாட்டளவில் நெருக்கமான நாடு, செல்வாக்குள்ள நாடு, செல்வாக்குள்ள ஆள் என்றால் செய்தியாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. ஊட்டிக்கு வண்டி வரிசை நிற்பதும், சேரம்பாடி ஓடை கலங்கி ஓடுவதும் ஒரே மாவட்டத்தில் நடந்தாலும் ஒரே எடை பெறாததற்கு அந்தக் காரணம் போதும்.

வால்பாறையில் வேறொரு வகைச் செய்தியை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவர் குழுவும் யானைக் கூட்டம் எந்த எஸ்டேட்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியிலும் பிறகு கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பத் தொடங்கினார்கள். சாலை முனைகளில் சிவப்பு விளக்கு எரியும். கடைசிப் பேருந்தில் இறங்குகிறவர் அதைப் பார்த்து நின்றுவிடுவார். 2015ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. அந்தக் குறுஞ்செய்தியில் மாநிலம், மாவட்டம் எதுவும் இருக்காது. இடம் மட்டும் இருக்கும்.

மழைக்கும் இதே போன்ற ஏற்பாடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் வயநாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தோட்டங்களிலும் வீடுகளிலும் வைத்திருக்கும் மழைமானிகளின் அளவைத் தினமும் திரட்டுகிறது. புத்துமலையின் 572 மில்லிமீட்டர் கணக்கு அப்படித் தெரிய வந்ததுதான். முண்டக்கைப் பக்கம் ஆபத்து என்று சரிவுக்கு முந்தைய நாளே அவர்கள் எச்சரித்திருந்தார்கள். அந்தக் கட்டங்களை மேலும் கொஞ்சம் கிழக்கே நீட்டினால் எருமாடும் சேரம்பாடியும் உள்ளே வந்துவிடும். அதற்கு இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசும் வரை காத்திருக்க வேண்டாம். அடிமுதல் விளிம்புவரை ஒரே அகலமாக நேராக நிற்கும் எந்தப் பாத்திரமும் மழைமானிதான். அகலம் எவ்வளவு என்பது பொருட்டல்ல, நிற்கும் தண்ணீரின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்தால் போதும். பக்கத்தில் சில்வர் ஓக் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, திறந்த வெளியில், ஆடாமல் வைக்க வேண்டும். காலை 8.30க்கு அளந்து, எழுதி, கொட்டிவிட வேண்டும். சேரம்பாடியில் ஒரு பள்ளி, அய்யன்கொல்லியில் ஒன்று, எருமாட்டில் ஒன்று, எல்லை தாண்டி வடுவஞ்சாலில் ஒன்று, மேப்பாடியில் ஒன்று. ஐந்து அளவுகளும் ஒரே வாட்ஸ்அப் குழுவில், இரண்டு மொழியிலும், ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால், ஓடைக்கரை லைனில் இருப்பவர் அன்று இரவு எங்கே படுப்பது என்று முடிவெடுக்க ஒரு முழுப் பகல் மிச்சமிருக்கும்.